பந்து போன பிறகு வரும் கால்: தாமதமான டேக்கிளை நடுவர் எப்படி எடைபோட வேண்டும்?

1982 ஜூலை 8 இரவு, ஸ்பெயினின் செவில் நகரில் மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் உலகக் கோப்பை அரையிறுதியில் மோதிக்கொண்டிருந்தன. கோல் கணக்கு 1-1. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிராத பாட்ரிக் பத்திஸ்தோன், பிரான்சு அணித்தலைவர் மிஷேல் பிளாட்டினி நீட்டிக் கொடுத்த பந்தைத் துரத்திக்கொண்டு தனியாக முன்னேறினார். எதிரே ஜெர்மனியின் கோல்கீப்பர் ஹரால்ட் ஷூமாக்கர் பாய்ந்து வந்தார். பத்திஸ்தோன் முந்திக்கொண்டு பந்தை உதைத்துவிட்டார். அது கம்பத்துக்கு வெளியே விலகிச் சென்றது. ஆனால் ஷூமாக்கர் நிற்கவில்லை. உடலைப் பக்கவாட்டில் திருப்பியபடி காற்றில் எழும்பி, இடுப்பால் பத்திஸ்தோனின் முகத்தில் மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார். பற்கள் உடைந்தன, முள்ளெலும்பு ஒன்று சேதமடைந்தது. நடுவர் சார்லஸ் கோர்வர், பந்து வெளியே போனதற்காகக் கோல்கீப்பரின் அணி உதைத்து ஆட்டத்தைத் தொடரும் கோல் கிக் கொடுத்தார். ஃபவுலும் இல்லை, அட்டையும் இல்லை.

எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்கப் பாய்வது டேக்கிள்; பந்து போன பிறகு வந்து சேர்வது தாமதமான டேக்கிள். கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் ஒருவர் அது என்ன, அதை ஏன் இத்தனை பேர் இத்தனை விதமாகத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்று கேட்டால், இந்த ஒரு காட்சியிலிருந்தே தொடங்கலாம். மைதானத்தில் இருந்த பெரும்பாலான கண்கள் பந்தோடு போயின. குற்றமோ, பந்து புறப்பட்ட இடத்தில் நடந்தது.

முதலில் ஒரு சிறு வியப்பு. கால்பந்து விதிப் புத்தகத்தில் தாமதமான டேக்கிள் என்று தனியாக ஒரு குற்றம் கிடையாது. அது ஆட்டக்காரர்களும் வர்ணனையாளர்களும் புழங்கும் சொல். ஐஎஃப்ஏபி எனப்படும் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் வகுத்துள்ள 12-ஆம் விதி, உதைப்பது, இடறி விடுவது, மேலே பாய்வது, தள்ளுவது, டேக்கிள் செய்வது போன்ற செயல்களைப் பட்டியலிட்டு, அவை எந்த விதத்தில் செய்யப்பட்டன என்று பார்க்குமாறு நடுவரிடம் சொல்கிறதே தவிர, எவ்வளவு நேரம் கழித்துச் செய்யப்பட்டன என்று கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை. ஆகவே தாமதம் என்பது தீர்ப்பு அன்று. தீர்ப்புக்கு உதவும் ஒரு தடயம் மட்டுமே. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும்.

தாக்கி ஆடும் வீரருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஷாட் அடிப்பவரோ விளிம்பிலிருந்து பந்தைக் குறுக்கே அனுப்புபவரோ காலை வீசும் கணத்தைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு கால் காற்றில் சுழல்கிறது. மற்றொரு கால் பந்துக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி நிற்கிறது. பூட்ஸின் அடியில் துருத்தி நிற்கும் ஸ்டட்கள் புல்லுக்குள் இறங்கியிருக்க, உடலின் முழு எடையும் அந்தக் கணுக்காலின் மீதும் முழங்காலின் மீதும் இருக்கிறது. கண் பந்தின் மீது. அடுத்த நொடி கோலின் மீது. வருகிறவரை அவர் பார்ப்பதில்லை. ஓடிக்கொண்டிருப்பவரின் காலில் அடிபட்டால் கால் விலகிக்கொடுக்கும், அவர் உருண்டு விழுந்து எழுந்துவிடலாம். ஊன்றிய காலில் அடிபட்டால் அது விலக இடமில்லை, எலும்பும் மூட்டும்தான் இடம் கொடுக்க வேண்டும். விலா எலும்பில் முட்டி இடிபட்டவர் வலியில் நெளிந்தாலும் பெரும்பாலும் ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுகிறார், ஊன்றிய கணுக்காலில் ஸ்டட் இறங்கியவர் ஸ்ட்ரெச்சரில் போகிறார்.

தடுப்பாட்டக்காரரின் பக்கமும் சொல்லியாக வேண்டும். வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடி வரும் ஒருவர், வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கடந்துவிடுவார். பந்து இருக்கிறது என்று நம்பிக் காலை நீட்ட முடிவெடுக்கும் கணத்துக்கும் கால் போய்ச் சேரும் கணத்துக்கும் நடுவே முன்கள வீரர் பந்தை ஒரு தட்டு தட்டிவிட்டால், நேர்மையாகத் தொடங்கிய டேக்கிளும் தாமதமாகிவிடும். உடலுக்குப் பிரேக் கிடையாது. எனவே, பந்து போன பிறகு உடல்கள் உரசிக்கொண்டன என்பதாலேயே விசில் ஊத வேண்டியதில்லை. உதைத்து முடித்த காலும் தடுக்க நீட்டிய காலும் அவையவை போகும் போக்கில் தட்டிக்கொள்வது ஆட்டத்தின் ஒரு பகுதி. வந்தவருக்கு வேறு வழி இருந்ததா, இருந்தும் எப்படி வந்தார் என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது.

மூன்று படிகள்

12-ஆம் விதி நடுவருக்கு மூன்று படிகளைத் தருகிறது. முதலாவது கவனக்குறைவு: எதிராளியைப் பற்றிப் போதிய கவனமோ முன்னெச்சரிக்கையோ இல்லாமல் மோதுவது. இதற்கு நேரடி ஃப்ரீ கிக் போதும், அட்டை தேவையில்லை. இரண்டாவது பொறுப்பற்ற துணிச்சல்: எதிராளிக்கு ஆபத்து நேரலாம், என்ன விளைவு வரும் என்பதைப் பொருட்படுத்தாமல் பாய்வது. இதற்கு எச்சரிக்கையான மஞ்சள் அட்டை கட்டாயம். மூன்றாவது மிகையான வலு: தேவைக்கு மீறிய வலுவைப் பயன்படுத்துவது அல்லது எதிராளியின் உடல் பாதுகாப்புக்கே ஊறு நேரும்படி மோதுவது. இதற்குச் சிவப்பு அட்டை, அதாவது வெளியேற்றம்.

ஒரே காட்சியை மூன்று விதமாக நடத்திப் பார்த்தால் இது எளிதாகும். வலது விளிம்பில் ஒருவர் பந்தைக் குறுக்கே அனுப்பிவிட்டார். இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ஒரு கணம் பிந்தி வந்து, நின்றுகொள்ள முயன்று, முடியாமல், அவருடைய பூட்ஸின் ஓரத்தை மிதித்துவிடுகிறார். இது கவனக்குறைவு. அதே தடுப்பாட்டக்காரர் இரண்டு மீட்டர் தொலைவிலிருந்தே தரையில் சறுக்கத் தொடங்கி, பந்து போனது தெரிந்தும் காலை மடக்காமல், எதிராளியின் இரு கால்களையும் வாரி விடுகிறார். அடி பலமில்லை என்றாலும், என்ன ஆனால் என்ன என்ற மனப்போக்கு அதில் தெரிகிறது. இது மஞ்சள். மூன்றாவது முறை அவர் முழு வேகத்தில் வந்து, முழங்காலை நீட்டி விறைப்பாக வைத்து, ஸ்டட்கள் முன்னே தெரிய, ஊன்றிய கணுக்காலின் மேல் இறங்குகிறார். இது சிவப்பு. மூன்றிலும் தாமதம் ஒரே அளவுதான். தாமதத்தை மட்டும் அளந்த நடுவர் மூன்றுக்கும் ஒரே தண்டனையைக் கொடுத்திருப்பார்.

இங்கே எண்ணம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். 1990-களின் நடுப்பகுதி வரை விதியின் வாசகம் வேண்டுமென்றே என்ற சொல்லைச் சுற்றித்தான் நின்றது. ஒருவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்று நடுவர் ஊகிக்க வேண்டியிருந்தது. பிறகு அந்தச் சொல் விலகி, மேலே சொன்ன மூன்று படிகள் அந்த இடத்துக்கு வந்தன. என் பார்வையில் கால்பந்து விதிகளில் நடந்த மிக நல்ல திருத்தங்களுள் இதுவும் ஒன்று. நடுவர் மனத்தைப் படிப்பவர் அல்லர். அவருக்குத் தெரிவது கால், வேகம், கோணம், தொட்ட இடம். அவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையை மட்டும் கொடுத்தால் அவரால் செய்ய முடியும்.

பின்னாலிருந்து வருவது மட்டுமே ஆபத்து என்ற பழைய எண்ணமும் இப்படித்தான் மாறியது. 1998 உலகக் கோப்பையை ஒட்டி, எதிராளியின் பாதுகாப்புக்கு ஊறு விளைவிக்கும் பின்பக்க டேக்கிளுக்குச் சிவப்பு அட்டை என்று விதியில் எழுதப்பட்டது. நல்ல நோக்கம்தான், ஆனால் பக்கவாட்டிலிருந்து வந்து எலும்பை உடைத்தவர்களுக்கு அது ஒரு சந்து போல ஆயிற்று. இன்றைய வாசகம் முன்னாலிருந்தோ, பக்கத்திலிருந்தோ, பின்னாலிருந்தோ, ஒரு காலாலோ இரு கால்களாலோ என்று எல்லாத் திசைகளையும் சேர்த்துக்கொள்கிறது.

கண் எங்கே நிற்க வேண்டும்

களத்தில் இருக்கும் நடுவருக்கு இதையெல்லாம் யோசிக்க ஒரு வினாடிகூட இல்லை. ஆகவே அனுபவமுள்ள நடுவர்கள் மோதலை மட்டும் பார்ப்பதில்லை. மோதல் உருவாகி வரும் விதத்தைப் பார்க்கிறார்கள். தடுப்பாட்டக்காரர் எவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பினார்? தூரம் கூடினால் வேகமும் கூடும், நடுவழியில் மனத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். அந்த வாய்ப்பைப் பயன்படுத்தினாரா என்பது கடைசி இரண்டு அடிகளில் தெரிந்துவிடும். பந்து போனதைக் கண்டு வேகத்தைக் குறைத்தவர், இடுப்பைத் திருப்பி ஒதுங்கியவர், காலை மடக்கித் தன் உடலுக்கு அடியில் இழுத்துக்கொண்டவர் ஆகியோரின் பிழை பெரும்பாலும் முதல் படியோடு நின்றுவிடுகிறது. மடங்கிய முழங்கால் ஒரு ஸ்பிரிங்கைப் போல அடியை உள்வாங்கிக்கொள்ளும். நீட்டி விறைத்த கால் ஒரு கழியைப் போன்றது. பின்னால் வரும் உடல் எடை முழுவதையும் அது எதிராளியின் எலும்புக்குள் செலுத்திவிடும்.

அடுத்தது தொட்ட இடமும் தொட்ட பாகமும். பூட்ஸின் மேற்பகுதியோ பக்கவாட்டோ பட்டதா, அடிப்பக்கத்து ஸ்டட்கள் பட்டனவா? பாதத்தில் பட்டதா, கணுக்காலுக்கு மேலே பட்டதா? உரசிப் போனதா, நேராக இறங்கி நின்றதா? பாதத்தின் மேல் ஸ்டட் விழுந்தால் வலிக்கும். முழங்காலுக்குக் கீழே உள்ள முன்கால் எலும்பில் அது நேராக இறங்கினால் கால் முறியும். உயரம் ஏற ஏற அட்டையின் நிறமும் மாறுவதற்கு இதுதான் காரணம். இரண்டு பாதங்களும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டனவா என்பதும் முக்கியம். காற்றில் இருப்பவருக்குத் தன் உடல் மீது ஆளுகை இல்லை. போகிற இடத்துக்குப் போய்ச் சேர வேண்டியதுதான்.

இவை அனைத்தையும் பார்க்க வேண்டுமானால் கண் அங்கே இருக்க வேண்டும். இதுதான் தாமதமான டேக்கிளின் தனிச் சிக்கல் என்பேன். பந்து ஒரு காந்தம். பார்வையாளர், வர்ணனையாளர், கேமரா எல்லாம் அதன் பின்னால் போய்விடும். ஷாட் அடிக்கப்பட்டதும் கோல் விழுமா என்று பார்க்காமல், அடித்தவரின் மீது ஒரு நொடியோ ஒன்றரை நொடியோ கண்ணை நிறுத்தி வைப்பது மனித இயல்புக்கு எதிரான வேலை. பந்து எங்கே போயிற்று என்பதைச் சொல்லத் துணை நடுவர் இருக்கிறார். அது கோலுக்குள் போயிருந்தால் நாற்பதாயிரம் தொண்டைகளும் சொல்லிவிடும். அடித்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல நடுவரை விட்டால் பெரும்பாலும் ஆள் இல்லை. வீடியோ உதவி எட்டாத உள்ளூர் மைதானங்களில் இது இன்னும் உண்மை.

எங்கே நிற்கிறார் என்பதும் அவ்வாறே. 2010 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் ஸ்டட்கள் படும்படி காலை உயர்த்தி உதைத்தார். நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டை காட்டினார். தன் பார்வையை இடையில் இருந்த ஆட்டக்காரர் மறைத்துவிட்டதாகவும், அது சிவப்பு அட்டைக்குரியது என்றும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். விதி தெரியாமல் நேர்ந்த பிழை அன்று அது, கோணம் சரியாக அமையாததால் நேர்ந்தது. மோதலின் நேர் பின்னாலோ நேர் முன்னாலோ நிற்பவருக்கு இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் எது முதலில் வந்தது, பந்தா காலா என்பது தெரியும்.

"பந்தைத்தானே ஆடினேன்"

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டமானாலும் சாம்பியன்ஸ் லீக் ஆனாலும், விசில் ஒலித்ததும் தடுப்பாட்டக்காரர் இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பந்தின் வடிவத்தை வரைந்து காட்டுவார். பந்தைத் தொட்டேன், ஆகவே ஃபவுல் இல்லை என்பது வாதம். இந்த வாதத்துக்கு விதியில் இடமே இல்லை. பந்தை முதலில் தொட்டது நடுவர் கருத்தில் கொள்ளத்தக்க ஒரு செய்தி. பந்துக்கு வாய்ப்பு இருந்தது, கணிப்பு சரியாக இருந்தது என்று அது காட்டும். ஆனால் பந்தைத் தட்டிவிட்டு அதே வேகத்தில் எதிராளியின் கணுக்காலுக்குள் போய் இறங்கினால், அந்த இரண்டாம் பகுதிக்கும் ஆட்டக்காரர்தான் பொறுப்பு. இதை மறுபக்கமாகத் திருப்பியும் பார்க்க வேண்டும்: பந்தைத் தொடவே இல்லை என்பதால் மட்டும் ஒரு டேக்கிள் மஞ்சளாகவோ சிவப்பாகவோ ஆகிவிடாது.

இதைவிடக் கடினமானது காயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் தூண்டுதல். 2019 நவம்பர் 3 அன்று லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில், டாட்டன்ஹாமின் சன் ஹியுங்-மின் எவர்டனின் ஆந்த்ரே கோமஸைப் பின்னாலிருந்து இடறிவிட்டார். தாமதமான, ஆனால் பயங்கரம் என்று சொல்ல முடியாத ஒரு டேக்கிள். தடுமாறிய கோமஸ், எதிரே வந்த செர்ஜ் ஓரியேவோடு மோதி விழுந்ததில் கணுக்கால் கோரமாகத் திரும்பிப்போனது. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் முதலில் எடுத்தது மஞ்சள் அட்டை. காயத்தின் கோலம் தெரிந்த பிறகு அது சிவப்பாயிற்று. சன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடி வெளியேறினார். டாட்டன்ஹாம் முறையீடு செய்ய, இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் சிவப்பு அட்டையை ரத்து செய்தது.

இதோடு 2008 பிப்ரவரி 23 அன்று பர்மிங்ஹாமில் நடந்ததை ஒப்பிட வேண்டும். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில், ஆர்செனலின் எட்வர்டோ பந்தைத் தட்டிவிட்ட அடுத்த கணம் மார்ட்டின் டெய்லரின் கால் ஸ்டட்கள் முன்னிற்க வந்து சேர்ந்தது. எட்வர்டோவின் இடது கால் முறிந்தது. நடுவர் மைக் டீன் சிவப்பு அட்டை காட்டினார். டெய்லருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று பலர் சொன்னார்கள். இனி அவர் கால்பந்தே ஆடக் கூடாது என்று கொதித்த ஆர்செனல் மேலாளர் ஆர்சென் வெங்கரும் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எண்ணம் இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் சிவப்பு அட்டை சரியே. கால் முறிந்ததற்காக அன்று, கால் முறியக்கூடிய விதத்தில் டேக்கிள் வந்ததற்காக. எட்வர்டோ எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஓடியிருந்தாலும் அது சிவப்புதான். கோமஸ் விஷயத்தில் காயத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது மஞ்சள். நான் எந்தத் தீர்ப்பைப் பார்த்தாலும் இந்தச் சோதனையைத்தான் முதலில் வைத்துப் பார்ப்பேன்: விழுந்தவர் உடனே எழுந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்; இப்போதும் உன் கை அதே அட்டையைத்தான் எடுக்குமா?

ஷாட்டுக்குப் பின்னால்

இனிப் பெனால்டி பகுதிக்குள் நடப்பது. முன்கள வீரர் ஷாட் அடித்துவிட்டார், பந்து போய்விட்டது, பிறகு தடுப்பாட்டக்காரர் வந்து அவரை வாரிவிடுகிறார். இது பெனால்டியா? பலர் இல்லை என்கிறார்கள். "அவருக்கு அடிக்கும் வாய்ப்பு கிடைத்துவிட்டது, அடித்தும் விட்டார், இன்னொரு வாய்ப்பு எதற்கு?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. நடுவர்கள் பலரும் மனத்தளவில் இதே பக்கம் சாய்வதை ஆட்டங்களில் காணலாம். நடுக்களத்தில் பந்தை விட்ட பிறகு விழும் இதே அடிக்கு யோசிக்காமல் விசில் ஊதும் அதே நடுவர், பெனால்டி பகுதிக்குள் என்றால் கையை விரித்துவிடுகிறார். விதியில் இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. விதி கேட்பது ஒன்றுதான்: மோதல் நடந்த கணத்தில் பந்து ஆட்டத்தில் இருந்ததா?

இருந்தால், அது காற்றில் பறந்துகொண்டிருந்தாலும், கோல்கீப்பர் கையை நோக்கி உருண்டுகொண்டிருந்தாலும், தடுப்பாட்டக்காரர் தன் பெனால்டி பகுதிக்குள் செய்த நேரடி ஃப்ரீ கிக் குற்றம் பெனால்டிதான். பந்து எல்லைக்கோட்டை முழுமையாகத் தாண்டிய பிறகு மோதல் நடந்திருந்தால் பெனால்டி கிடையாது. ஆட்டம் கோல் கிக்காலோ கார்னராலோ, கோல் விழுந்திருந்தால் நடுக்கோட்டிலிருந்தோ மீண்டும் தொடங்கும். ஆனால் அட்டைக்கு இந்தத் தடை இல்லை. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் செய்த முரட்டுத்தனத்துக்கும் மஞ்சளோ சிவப்போ உண்டு. கோல் விழுந்த மகிழ்ச்சியில் எல்லோரும் ஓடும்போது, அடித்தவர் மட்டும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் கிடந்தால், நடுவர் அங்கே திரும்பிப் பார்க்க வேண்டும்.

2020 அக்டோபர் 17 அன்று எவர்டன், லிவர்பூல் அணிகளின் ஆட்டத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. பந்துக்காக முன்னே வந்திருந்த லிவர்பூலின் வெர்ஜில் வான் டைக் மீது எவர்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபர்ட் கத்தரி போலக் கால்களை விரித்துப் பாய்ந்தார். முழங்காலின் தசைநார் அறுந்தது. வான் டைக் ஆஃப்சைடில், அதாவது விதி அனுமதிக்காத முன்நிலையில், இருந்தது தெரியவந்ததால் பெனால்டி இல்லை என்று முடிவாயிற்று. அதோடு பேச்சும் முடிந்துவிட்டது. பெனால்டி இல்லை என்பது சரி. பிக்ஃபர்டுக்கு அட்டை எதுவும் இல்லை என்பது அந்தச் சரியிலிருந்து எப்படிப் பிறந்தது என்பதுதான் கேள்வி. ஆஃப்சைட் கொடி ஆட்டம் எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். ஒருவரின் முழங்காலுக்கு நேர்ந்ததை அழிக்காது.

தாக்குதல் முறியும்போது

இதுவரை பேசியது உடலுக்கு வரும் ஆபத்தைப் பற்றி. தாக்கும் அணிக்கு இன்னொரு இழப்பும் உண்டு: வாய்ப்பு. இதற்கென்று விதியில் தனி அளவுகோல் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தொலைக்காட்சி முன்னே பாதிச் சண்டைகள் எழுகின்றன.

1980 மே மாதம் நடந்த இங்கிலாந்தின் எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில், வெஸ்ட் ஹாமின் 17 வயது பால் ஆலன் தனியாகக் கோலை நோக்கி ஓடினார். எதிரே கோல்கீப்பர் மட்டும். பின்னால் ஓடி வந்த ஆர்செனலின் வில்லி யங் அவர் காலைத் தட்டிவிட்டார். அடி பெரிதில்லை, ஆபத்தும் இல்லை. அன்றைய விதிப்படி யங்கைக் களத்தை விட்டு அனுப்ப வழி இருக்கவில்லை. கணக்குப் போட்டுச் செய்த ஃபவுல் லாபகரமாக முடிந்தது. அந்தக் காட்சி கிளப்பிய எரிச்சலும் சேர்ந்துதான், தெளிவான கோல் வாய்ப்பைக் குற்றம் செய்து பறித்தால் சிவப்பு அட்டை என்ற விதி 1990-களின் தொடக்கத்தில் நிலைபெற்றது. குற்றம் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் உள்ள தூரம், ஆட்டம் போய்க்கொண்டிருந்த திசை, பந்து அந்த வீரரின் வசம் இருந்திருக்குமா என்பது, மற்றத் தடுப்பாட்டக்காரர்கள் எத்தனை பேர் எங்கே இருந்தார்கள் என்பது ஆகிய நான்கையும் நடுவர் எண்ணிப் பார்க்கிறார். வாய்ப்பு அந்த அளவுக்குத் தெளிவில்லை, ஆனால் தாக்குதல் நம்பிக்கை தரும்படி வளர்ந்துகொண்டிருந்தது என்றால் மஞ்சள்.

2016-இல் இதில் ஒரு தளர்வு வந்தது. பெனால்டி பகுதிக்குள் பந்துக்காக உண்மையாக முயன்று, அதில் தவறிப்போய்க் கோல் வாய்ப்பைப் பறித்தவருக்குப் பெனால்டியோடு மஞ்சள் போதும்; பெனால்டியே வாய்ப்பைத் திருப்பித் தந்துவிடுகிறது என்பது அதன் நியாயம். புதிதாகப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். இந்தத் தளர்வு வாய்ப்பைப் பறித்த குற்றத்துக்கு மட்டும். டேக்கிளே எதிராளியின் பாதுகாப்புக்கு ஊறு செய்யும்படி இருந்தால், பந்துக்காக முயன்றார், பெனால்டியும் கொடுத்தாயிற்று என்ற காரணங்கள் எவையும் சிவப்பைக் குறைக்காது. ஆகவே நடுவர் இரண்டு தராசுகளை வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். ஒன்றில் உடலுக்கான ஆபத்து, மற்றொன்றில் தாக்குதலுக்கான இழப்பு. இரண்டில் எது கூடுதலான தண்டனையைச் சொல்கிறதோ அதுவே நிற்கும்.

அட்வான்டேஜிலும் இந்த இரண்டு தராசுகள் உதவும். முன்கள வீரர் பந்தைச் சக வீரருக்குக் கொடுத்த பிறகு அடி விழுகிறது. சக வீரரோ கோலை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறார். இப்போது விசில் ஊதினால் அடிபட்ட அணிக்கே நட்டம். நடுவர் கைகளை முன்னே நீட்டி ஆட்டத்தை ஓட விடுவார். எதிர்பார்த்த பலன் சில நொடிகளுக்குள் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து ஃப்ரீ கிக் கொடுப்பார். ஆட்டம் அடுத்து நிற்கும்போது அட்டையை என்ன செய்வது? நல்ல தாக்குதலைத் தடுத்ததற்காக மட்டும் வந்திருக்க வேண்டிய மஞ்சள் என்றால் அது போய்விடும், ஏனெனில் தாக்குதல் தடைபடவே இல்லை. டேக்கிள் பொறுப்பற்றதாக இருந்ததற்கான மஞ்சள் என்றால் அது அப்படியே இருக்கும். அடிபட்டவரின் கணுக்காலுக்கு அட்வான்டேஜால் ஒரு பயனும் இல்லை அல்லவா? கடுமையான முரட்டு டேக்கிள் என்றால், தெளிவான கோல் வாய்ப்பு கண்முன்னே இருந்தாலன்றி ஆட்டத்தை ஓட விடவே கூடாது. அப்படி ஓட விட்ட பிறகு, வெளியேற்றப்பட வேண்டியவரே மீண்டும் பந்தைத் தொட்டாலோ எதிராளியோடு மோதினாலோ, நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அவரை அனுப்பிவிட வேண்டும். இதில் நடைமுறை காரணமும் உண்டு: கோபத்தில் இருக்கும் பத்துப் பேர் மைதானத்தில் பழி தீர்க்கத் தேடத் தொடங்கினால் ஆட்டம் கைவிட்டுப் போக இரண்டு நிமிடம் போதும்.

வீடியோ உதவி நடுவர் முறை 2018 உலகக் கோப்பையில் வந்தபின் இவற்றில் பல எளிதாகியிருக்கின்றன. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை ஆகியவை அதன் வரம்புக்குள் இருப்பதால், பந்தோடு போன கண் தவறவிட்டதைத் திரை திருப்பிக் காட்டும். ஆனால் மெதுவாக ஓடும் காட்சி ஒரு பெரிய பொய்யும் சொல்லும். எந்த டேக்கிளையும் மெதுவாக்கிக் காட்டினால், தடுப்பாட்டக்காரருக்கு யோசிக்க அரை நாள் இருந்தது போலவும், அவர் வேண்டுமென்றே காலைக் கொண்டுபோய் வைத்தது போலவும் தோன்றும். அதனால்தான் விதிமுறை, தொட்ட இடம் போன்ற உண்மைகளை அறிய மட்டும் மெதுவான காட்சி, வேகத்தையும் வலுவையும் எடைபோட இயல்பான வேகம் என்று பிரித்து வைத்திருக்கிறது. வீட்டில் இருந்து பார்க்கும் நாமும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் நடுவரைத் திட்டும் நேரம் பாதியாகக் குறையும்.

இப்போது செவில் மைதானத்துக்குத் திரும்பலாம். இன்றைய நடுவர் அங்கே இருந்திருந்தால் முதலில் கேட்பது, மோதிய கணத்தில் பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா என்பது. தாண்டவில்லை என்றால் பெனால்டி; தாண்டிவிட்டது என்றால் கோர்வர் கொடுத்த கோல் கிக்கே சரி. இரண்டாவது கேள்வி, ஷூமாக்கர் எப்படி வந்தார் என்பது. தூரத்திலிருந்து கிளம்பி, முழு வேகத்தில், இரு கால்களும் தரையை விட்டெழ, பந்து போன பின்பும் உடலைத் திருப்பி, தலை உயரத்தில் மோதினார். முதல் கேள்விக்கு என்ன விடை வந்தாலும் இரண்டாவதற்கு விடை சிவப்பு.

அன்று பத்திஸ்தோனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்ல, பிளாட்டினி அவருடைய கையைப் பிடித்தபடி பக்கத்தில் நடந்தார். பிரான்சு தன் இரண்டாவது மாற்று ஆட்டக்காரரையும் இறக்க வேண்டியதாயிற்று. அன்றைய விதிப்படி அத்தோடு மாற்று தீர்ந்தது. ஷூமாக்கர் கோல் கிக் எடுக்கக் காத்து நின்றார். ஆட்டம் 3-3 என முடிந்து, உலகக் கோப்பை வரலாற்றிலேயே முதல்முறையாகப் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போனது. அதில் திதியே சிக்ஸ், மாக்சிம் பொசிஸ் ஆகிய இருவரின் உதைகளையும் தடுத்து ஜெர்மனியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுபோனவர் ஷூமாக்கர்.